கனடா போன வாழையடி வலை

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. அம்மா பேரப்பிள்ளையைப் பார்க்கக் கனடா போனார்.
2. அவரை அங்கேயே நிறுத்திவைப்பதற்காக, பனி கொட்டும் அந்த நாட்டில், அண்ணா தன் வீட்டுப் பின்வளவில் ஒரு வெப்பமண்டலத் தோட்டம் போட முடிவு செய்தார்.
3. அதற்கு வரைபடம் கீறும் வேலை மன்னார்க் கரையில், தாழ்வுபாடு என்ற ஊரிலிருந்த எனக்கு வந்தது.
4. வரைபடம் சரி. கூட அனுப்பிய குறிப்புகளில் ஏழாவது பிழை.
5. ஏழாவது குறிப்பைத் தின்பதற்கு இரவில் ஒரு குடும்பமே வந்தது.
6. எங்கள் வாழையைச் சுற்றிக் கட்டியிருந்த வலை கனடா போனது.
7. கழுதை வந்தது.

இவற்றில் கடைசியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டும். கட்டாக்காலிக் கழுதைகள் திரியும் மன்னாரில் கழுதை ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் மன்னாரில் ஒரு கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். படித்தது வடிகால், மதகு, சின்ன வீதிகள். தோட்டம் படிக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ‘படித்தவள்’ என்றால் எல்லாம் படித்தவள்தான். குழந்தைக்கு வயிற்றுவலி என்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும்.

அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயப் பூசையால் வந்து செருப்பைக் கழற்றும்போது அழைத்தார்.

“தங்கச்சி, அம்மா வாயைத் திறக்கிறா இல்லை. யன்னலடியில கதிரையைப் போட்டுக்கொண்டு அப்பிடியே இருக்கிறா.”

“சாப்பிடுறாவோ?”

“குடுக்கிறதெல்லாம் சாப்பிடுறா. ஒரு குறையும் சொல்லுறா இல்லை. அதுதான் பயமாக் கிடக்கு.”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டுக் குழம்பின் வாசத்தை வைத்தே அதில் புளி கூடிவிட்டது என்று சொல்லக்கூடியவர் அம்மா. அப்பா இல்லாமல் போன பிறகு, கரையில் மீன் வாங்கி, வெட்டி, உப்பிட்டு, கருவாடு போட்டு எங்களை வளர்த்தவர். வியாபாரிகள் அவருடைய வாய்க்குப் பயந்தே நல்ல விலை கொடுப்பார்கள். அந்த வாய் கனடாவில் மூடிக் கிடந்தது.

“ஊர் மாதிரி ஒரு தோட்டம் போட்டால் இருந்திடுவா” என்றார் அண்ணா. “நீ ஒரு பிளானைக் கீறு.”

மாதிரிக்கென்று சில படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்றில் நீர்வீழ்ச்சி. ஒன்றில் வள்ளத்துப் பாய் அளவில் இலைகள், அவற்றுக்குக் கீழே சாய்ந்திருக்க ஒரு மர வாங்கில். ஒன்றில் பாசி பிடித்த புத்தர் தலை. நான் படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் வளவைப் பார்த்தேன். மணல். ஒரு வேம்பு. ஒரு முருங்கை. கருவாடு காயவைக்கும் பரண். குழாயடியில், ஆடும் கழுதையும் தின்னாதபடி பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டிய ஒரு வாழைக்கூட்டம். எல்லாவற்றின் மேலும் உப்புக்காற்று. அண்ணாவின் ஞாபகத்திலிருந்த ஊரில் நீர்வீழ்ச்சி எப்போது முளைத்தது என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருப்பவர்களிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா திரும்பி வரவேண்டும் என்பது என் விருப்பம். வரக்கூடாது என்பது அண்ணாவின் விருப்பம். நத்தார்ப் பெருநாளுக்கு முன்னர் திரும்புவதற்கு விமான ரிக்கற் இருந்தது. அதை எப்படியாவது கிழித்துப் போடவைப்பதுதான் தோட்டத்தின் நோக்கம். அம்மாவின் விருப்பம் என்ன என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள் நாங்கள்.

பிறகு ஏன் கீறினேன் என்றால், கீறத் தெரிந்த ஒருத்திக்கு அளவு குறித்த வளவொன்றின் படத்தை அனுப்பினால் கை சும்மா இராது. முதலில் அண்ணாவை வளவின் நடுவில் ஒரு தடியை நடச்சொன்னேன். காலையிலும் மத்தியானத்திலும் பின்னேரத்திலும் அதன் நிழலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வெயில் அதிக நேரம் விழும் சுவர் தெரிந்தது. பகலெல்லாம் சூடு பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும் செங்கல் சுவர் அது. வாழைக்கு அதுதான் இடம். குளிர்காற்று வரும் பக்கத்துக்கு வேலி, வேலியோடு உயரமான புல். மண் ஒரே களி, தண்ணீர் தேங்கும். வாசித்துப் பார்த்ததில், அங்கே வாழையைக் கொல்வது குளிரை விட ஈரம்தான். குளிரில் மேலே இருப்பது செத்தாலும் கிழங்கு தப்பும். கிழங்கு ஈரத்தில் கிடந்தால் அழுகும். ஆகவே பாத்தியை உயர்த்தி, அதன் கீழே கல் நிரப்பிய கான் ஒன்றைச் சரிவாக வெட்டி, வீட்டு ஓரத்து வடிகாலில் சேர்த்தேன். அந்தக் கான் நான் கீறியவற்றுள் மிகத் திறமானது. கந்தோரில் எந்த மதகுக்கும் அவ்வளவு மனம் வைக்கவில்லை.

செடிகள் மூன்று வகை. மண்ணிலேயே கிடந்து குளிர் தாங்குபவை. மாரிக்கு முன் கிழங்கைக் கிண்டி எடுத்து நிலவறையில் தூங்க வைப்பவை: சேம்பு, மணிவாழை. சில்லு வைத்த சட்டிகளில் வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு போகக்கூடியவை. அண்ணா இதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தபோது அம்மா யன்னலால் பார்த்தபடி தன் முதல் கருத்துகளை வெளியிட்டார். நான் வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இது என்ன வாழை?”

“குளிர் தாங்கிற வாழையம்மா.”

“குலை போடுமோ?”

“போடாது. போட்டாலும் தின்னேலாது.”

“அப்ப என்னத்துக்கு? இலைக்கோ? இஞ்ச ஆர் இலையில சாப்பிடுகினம்?” பிறகு, “அது என்ன, ஆமணக்கோ? எங்கட ஊரில ஆடும் திரும்பிப் பாக்காத சாமானைச் சட்டியில வச்சு விக்கிறாங்களே! பிள்ளை தவழப்போற வீட்டில அந்த விதை கூடாது. திருப்பிக் குடுத்திட்டு வா.”

ஆமணக்கு திரும்பிப் போனது. அண்ணி ஒரு புத்தர் தலையும் வாங்கியிருந்தார். படத்தில் இருந்ததால் வாங்கினாராம். அம்மா அதைப் பார்த்துவிட்டு அண்ணாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

“தலையை மட்டும் வெட்டி வச்சிருக்கிறாங்கள். இதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பிப் போடாதை. உன்ர தங்கச்சிக்கு அரசாங்க உத்தியோகம்.”

அம்மாவின் கட்டளைப்படி பக்கத்தில் ஒரு மாதா சுருவமும் வைக்கப்பட்டது. சமயங்கள் இரண்டும் வாழைக்குக் காவல் நின்றன.

இனி ஏழாவது குறிப்பு. “நடும் குழியின் அடியில் மீன் தலை, குடல் போட்டு மூடவும்.” தாழ்வுபாட்டில் தென்னையோ வாழையோ மீன் தலை இல்லாமல் நடுவதில்லை. கருவாடு வெட்டும் வீட்டில் அவை எப்படியும் மிச்சம். யாரும் அதை ஒரு முறை என்று நினைப்பதுகூட இல்லை. தண்ணீர் ஊற்றுவது மாதிரி. நானும் யோசிக்காமலே எழுதினேன். அண்ணாவும் தாழ்வுபாட்டில் பிறந்தவர். யோசிக்காமலே ஒரு பை நிறைய, அங்கே கிடைக்கும் ‘சமன்’ என்ற மீனின் தலை வாங்கிக்கொண்டு வந்தார்.

அதைப் பார்த்துத்தான் அம்மா கதிரையால் எழும்பினார்.

“தள்ளு. உனக்கு மீன் தலை பிடிக்கத் தெரியுமோ? செவிளைக் கிழிச்சுப் போட்டாத்தான் கெதியா உக்கும்.”

அண்ணா அனுப்பிய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடை தொடங்கியும் கழற்றாத தடித்த கோட்டு, அதற்குக் கீழே சேலை, ஒரு கையில் கத்தி, மறுகையில் வாய் பிளந்த மீன் தலை. கனடா போன பிறகு அம்மா சிரித்த முதலாவது படம். அண்ணா அதன் கீழே, “பார்த்தியோ, இருப்பா!” என்று எழுதியிருந்தார். எனக்கு மகிழ்ச்சிதான். அன்று சமைக்க மனம் வராமல் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

அங்கே விடிந்ததும் அழைப்பு வந்தது. ரக்கூன் என்று ஒரு பிராணி. முகத்தில் கறுப்பு முகமூடி போட்ட மரநாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கைவிரல்கள் உண்டு, அவற்றை எப்படிப் பயன்படுத்துவதென்றும் அதற்குத் தெரியும். தாயும் குட்டிகளுமாக வந்திருந்தன. வாழை வேர் மேலே பார்க்கக் கிடந்தது. சேம்பைக் கிண்டி வரிசையாக வைத்திருந்தன, ருசி பார்த்து வேண்டாம் என்று விட்ட மாதிரி. புத்தர் குழிக்குள் முகங்குப்புறக் கிடந்தார். மாதா நின்ற இடத்தில் நின்றார், ஆனால் தடுத்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஓய்வுக்கென்று கட்டிய தூக்குப்படுக்கையில் பாதி தின்ற மீன் தலையொன்று ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

வேலிக்கு மேலால் அயல்வீட்டு வெள்ளைக்கார மனிசி எட்டிப் பார்த்து உரக்கக் கதைத்தார். அவருடைய புற்றரையையும் அந்தக் குடும்பம் போகிற வழியில் புரட்டிவிட்டிருந்தது.

“என்னவாம்?” அம்மா கேட்டார்.

“வளவுக்குள்ள என்ன புதைச்சனீங்கள் எண்டு கேக்கிறா.”

“பொலிசுக்குச் சொல்லுவாவோ?”

“சொன்னாலும் சொல்லுவா.”

“அப்ப தலை எண்டு சொல்லாதை. முழு மீன் எண்டு சொல்லு.”

அண்ணி அதுவரை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தவர். அன்று பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கொங்கிறீற் போடச் சொன்னார். அண்ணாவும் தலையாட்டினார். அந்த நேரம் எனக்கு ஒரு சின்ன நிம்மதி வந்ததை மறைக்கமாட்டேன். தோட்டம் இல்லை என்றால் அம்மா நத்தாருக்கு வீட்டில்.

அம்மா தொலைபேசியைப் பறித்தார்.

“பிள்ள, கழுதைக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்?”

“வலை கட்டினனாங்கள்.”

“அப்ப வலை அனுப்பு.”

“அங்க கடையில இல்லையோ?”

“கொண்ணன் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தவன். நுளம்பும் பிய்ச்சுக்கொண்டு போகும்.”

நான் எங்கள் ஒழுங்கையிலுள்ள சம்மாட்டி மாமாவிடம் போனேன். சொந்தத்தில் இரண்டு வள்ளமும், எல்லாருடைய விஷயத்திலும் ஓர் அபிப்பிராயமும் உள்ளவர்.

“பழைய வலை ஒண்டு வேணும் மாமா. அம்மாவுக்கு அனுப்ப.”

“கொம்மா கனடாவில தொழிலுக்குப் போறாவோ?”

“இல்லை. ஒரு மரநாய் வருதாம்.”

“மரநாயை வலை போட்டுப் பிடிச்சுக் கறி வைக்கிற அளவுக்குக் கொண்ணன் பட்டினி போடுறானோ?”

வலையைத் தந்தார். சவுக்காரம் போட்டு ஊறவைத்து, கழுவி, திருப்பிக் கழுவினேன். கை மரத்துவிட்டது. காய்ந்த பிறகு முகர்ந்து பார்த்தால் மீன் மணம் இருந்தபடியே இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். மீன் மணத்தோடு வலை போனால் அந்த முகமூடிக் குடும்பத்துக்கு நாங்களே அழைப்பிதழ் அனுப்பிய மாதிரி.

“எங்க காயப்போட்டனி?”

“பரணில.”

“கருவாட்டுப் பரணிலயோ?”

நான் மற்றக் கையால் வலையைப் பரணிலிருந்து இழுத்தேன்.

“படிச்சனீதானே” என்றார் அம்மா. பிறகு சொன்னார்: “எங்கட வாழையடியில கட்டிக் கிடக்கிறதைக் கழட்டு. எத்தினை மாரி கண்ட வலை. அதில ஒரு மணமும் இல்லை. வாழைக்குச் சம்மாட்டியின்ர வலையைக் கட்டிவிடு.”

கழற்றினேன். வெயிலில் வெளுத்த, முடிச்சு முடிச்சாக அம்மா பொத்தித் தைத்த வலை. வங்காலையிலிருந்து அண்ணியின் சொந்தக்காரி ஒருவர் கனடா போகவிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சூட்கேஸைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுமூச்சு விட்டார்.

“தங்கச்சி, இதை வைக்கிறதெண்டால் நான் இறால் கருவாட்டை வெளியில எடுக்கோணும். ஊரிலிருந்து கருவாட்டை விட்டிட்டு வலையைக் கொண்டுபோன ஆளெண்டு என்னைச் சிரிப்பாங்கள்.”

“கருவாட்டை எடுக்க வேண்டாம் அக்கா. உடுப்பை எடுங்கோ.”

உடுப்பைத்தான் எடுத்தார். எங்கள் பக்கத்துப் பெண்களின் முன்னுரிமைகள் எப்போதும் சரியாக இருக்கும்.

சம்மாட்டி மாமாவின் வலையை எங்கள் வாழைக்குக் கட்டுவதற்குள் அவர் படலையடியில் வந்து நின்றார். சவுக்காரம் போட்டுக் கழுவின வலை அவருடைய வலைகளில் இது ஒன்றுதானாம். இதில் மீன் கூடப் படுமா குறையப் படுமா என்று பார்க்கவேண்டுமாம். கொண்டுபோய்விட்டார். நான் உடைமரத்து முள் வெட்டி வாழையைச் சுற்றி அடுக்கினேன்.

கனடாவில் வலை வேலை செய்தது. அம்மா திருப்பி நட்ட செடிகளுக்கு இடம் விட்டு அதைப் பாத்தியின் அளவுக்கு வெட்டித் தைத்து, ஓரங்களுக்குச் செங்கல் வைத்து, கருவாட்டைக் காகத்திலிருந்து காப்பதுபோல மண்ணை மூடினார். ரக்கூன் தாய் வந்தது, விரலைக் கொடுத்து இழுத்துப் பார்த்தது, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனது. மிஞ்சிய துண்டொன்றை அம்மா அயல்வீட்டு மனிசியின் தக்காளிக்குக் கொடுத்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆனால் வேலியருகே நின்று நீண்ட நேரம் கதைப்பார்கள் என்று அண்ணா சொன்னார். அம்மாவின் வாய் திறந்துவிட்டது.

ஓய்வெடுப்பதற்கென்று நான் கீறிய எதிலும் அம்மா ஓய்வெடுக்கவில்லை. தூக்குப்படுக்கையை அவிழ்த்து, சேலைத்துணி போட்டு, குழந்தைக்கு ஏணை கட்டினார். வாங்கிலில் செத்தல் மிளகாய் காய்ந்தது. “இஞ்ச வெயில் இருக்கு பிள்ள, ஆனால் சூடில்லை” என்று ஒவ்வொரு நாளும் மிளகாயைப் பிரட்டினார். வாழை கோடை முழுவதும் வளர்ந்து அண்ணாவின் தலைக்கு மேலே போனது. அந்த நிழலில் அமர்ந்து ஓய்வெடுத்த ஒரே ஆள் அண்ணி. கொங்கிறீற் பேச்சு மறந்துபோயிற்று.

பிறகு குளிர் வந்தது. ஒரு காலையில் இலைகள் எல்லாம் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. முதலில் அண்ணா தனியாக அழைத்தார்.

“அம்மா கேட்டா, செத்துப்போச்செண்டு சொல்லிப்போடாதை. வாழை செத்தால் அவ நத்தாருக்கு முன்னம் வெளிக்கிட்டிடுவா.”

அவருடைய அழைப்பு முடிய அம்மாவின் அழைப்பு.

“பிள்ள, கொண்ணன் சமாளிக்கிறான். நீ உண்மையைச் சொல்லு. இது திருப்பி வருமோ?”

குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். செத்துப்போச்சு என்று ஒரு சொல் சொன்னால் போதும், ரிக்கற் இருந்தபடி இருக்கும். நத்தாருக்குப் பலகாரம் யார் சுடுவது என்ற கேள்வியும் இராது. ஆனால் கேட்டது வாழையைப் பற்றி.

“இடுப்பளவில வெட்டுங்கோ. சுத்திவரச் சருகு போட்டு இறுக்கிக் கட்டுங்கோ. மேலால மழை போகாமல் மூடுங்கோ. கிழங்கு அழுகாட்டி வரும்.”

“அழுகுமோ?”

“தண்ணி தேங்கினால் அழுகும்.”

“தேங்குமோ?”

“தேங்காது” என்றேன். “கான் நான் கீறினது.”



“அப்ப பாத்திட்டு வாறன்” என்றார் அம்மா.

அப்படித்தான் என் கான் அம்மாவை அங்கே பிடித்துவைத்தது. கொஞ்சம் குறைவாகச் சரித்திருக்கலாம்.

அண்ணா மகிழ்ச்சியில் இருந்தார், அடுத்த காலை வரைக்கும். வீதியோரத்தில் அயலவர் குப்பைக்கென்று கட்டி வைத்திருந்த சருகுப் பைகளை அம்மா ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தார். அண்ணா, “அம்மா, குப்பை பொறுக்கிறா எண்டு நினைப்பாங்கள்” என்று பின்னால் ஓடினார். “நினைக்கட்டும். நல்ல காஞ்ச சருகு. விசரங்கள் எறியிறாங்கள்” என்றார் அம்மா. வாழையடியை வெட்டி, சருகு நிரப்பி, ஊரிலிருந்து போன அந்த வலையால் சுற்றிக் கட்டினார். வலையைக் கட்டி முடித்த படத்தையும் எனக்கு அனுப்பினார்கள். சவத்தைச் சுற்றிய மாதிரி இருந்தது. மாதா பக்கத்தில் நின்றார்.

“எப்ப திறக்கிறது?” என்று அம்மா கேட்டார்.

“குளிர் முழுக்கப் போனாப் பிறகு. பாஸ்குத் திருநாளுக்குப் பிறகும் கொஞ்சம் பொறுக்கோணும்.”

“ஆண்டவருக்கு உயிர்க்க மூண்டு நாள் காணும். வாழைக்கு ஆறு மாசமாம்” என்றார் அம்மா. பிறகு சிலுவை அடையாளம் போட்டார்.

கழுதை வந்தது நத்தார் வாரத்தில். நான் பாலன் குடில் கட்டும் வேலையில் கோயிலில் இருந்தேன். பாலன் குடிலுக்கு அட்டையில் கழுதை வெட்டிக்கொண்டிருந்தபோது நிசக் கழுதை எங்கள் வளவில் இருந்திருக்கிறது. உடைமுள்ளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வாழையை அடிவரை தின்றிருந்தது. ஒன்று அல்ல, கூட்டமாக வந்திருக்கவேண்டும். அம்மாவிடம் சொல்லுமுன் எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். பிறகு தொடங்கினேன்.

“அம்மா, கழுதை வாழையைத் திண்டிட்டுது.”

“கிழங்கு கிடக்கோ?”

“கிடக்கு.”

“அப்ப என்ன. தண்ணியை விடு.”

அவ்வளவுதான். அங்கே தண்ணீர் தேங்கக் கூடாது, இங்கே தண்ணீர் விடவேண்டும். இரண்டு வாழைக்கும் ஒரே ஆளிடமிருந்து கட்டளை.

இப்போதைய நிலை இது. கனடா வாழை சருகுக்கும் வலைக்கும் பனிக்கும் உள்ளே இருக்கிறது. உயிருடன் இருக்கிறதா என்று திறந்தால்தான் தெரியும். சேம்பும் மணிவாழையும் நிலவறையில் பெட்டிகளில். அம்மாவின் ரிக்கற்றில் பழைய திகதி வெட்டப்பட்டுவிட்டது. புதிய திகதி இன்னும் போடவில்லை. அண்ணா இனிப் போடத் தேவையில்லை என்கிறார். அம்மா வாழையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். பரண் வெறுமையாக இருக்கிறது. சம்மாட்டி மாமா, கழுவின வலையில் மீன் படவில்லை என்று சொல்லி அதைத் திருப்பித் தந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம் குழாயடியில் கட்டினேன். அதற்குள் இப்போது வாழை இல்லை, ஈர மண் மட்டும்.